வீட்டு ஓர்மை: விடுதிக்குப் போன பிள்ளைக்கு முதல் பருவத்தில் நேர்வது என்ன?

கலந்தாய்வில் இடம் கிடைத்து, பெட்டி கட்டி, நாகர்கோவில் சந்திப்பில் ரயிலேற்றி அனுப்பிய பிள்ளை, மூன்றாவது வாரத்தில் அலைபேசியில் அழைத்து, "எனக்கு இந்த காலேஜ் வேண்டாம், நான் வீட்டுக்கு வாறேன்" என்று அழும்போது, குமரி மாவட்டத்துப் பெற்றோர் பலருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. கூட்டிக்கொண்டு வந்து பக்கத்துக் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்கிறது ஒன்று. நாலு நாள் பொறுத்தால் சரியாகிவிடும், செல்லம் கொடுக்கக் கூடாது என்கிறது மற்றொன்று. இரண்டுமே, பிள்ளைக்கு நேர்ந்திருப்பது என்னவென்று கேட்டறியும் முன்பே சொல்லப்படும் தீர்ப்புகள். சென்னை, கோவை, திருச்சி, வேலூர் போன்ற தொலைவூர்களில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் குமரி மாணவர்களை மனத்தில் வைத்து, அந்தக் கேள்விக்கான விடையை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சொல்லும் அதன் பொருளும்

நினைவு, ஞாபகம் என்று பிற மாவட்டங்களில் சொல்வதை, குமரி மாவட்டத்தில் ‘ஓர்மை’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. வீட்டு ஓர்மை என்பது வெறும் நினைவைக் குறிப்பதன்று. வீட்டையும் ஊரையும் பிரிந்தவர்க்கு அவற்றின்மேல் மனம் திரும்பத் திரும்பச் செல்வதும், அதனால் பசி குறைவதும், தூக்கம் கலைவதும், படிப்பில் மனம் நிற்காமல் போவதும் சேர்ந்த நிலை அது. அது ஒரு நோயின் பெயர் இல்லை. பெரும்பாலானோர் கடந்து வருகிற, எதிர்பார்க்கத்தக்க ஓர் எதிர்வினை. கல்விக்காகப் பிரிவதைத் தமிழ் அக இலக்கண மரபு ‘ஓதற் பிரிவு’ என்று தனிப்பெயரிட்டு வகைப்படுத்தியிருப்பதை எண்ணினால், இந்தப் பிரிவின் வலி இன்றைய தலைமுறையின் பலவீனம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

மருத்துவ உலகில் இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் யோகான்னஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவ மாணவர். 1688-இல் பாசல் நகரில் அவர் அளித்த ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை உருவாக்கினார். அவர் விவரித்தவர்களில், பேர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து உடல்நலம் குன்றிய இளைஞர் ஒருவரும் உண்டு. ஊருக்கு அனுப்பப்பட்டபோது, அவர் வழியிலேயே தேறத் தொடங்கினார். இந்தச் செய்தியைப் படிப்பவர் எவருக்கும், வீட்டுக்கு அனுப்புவதே மருந்து என்று தோன்றும். ஆனால், திரும்பிப் போகலாம் என்று தெரிந்தவுடன் வரும் நிம்மதி, இழந்தது எது என்பதைத்தான் காட்டுகிறது. போன இடம் தவறானது என்பதற்கு அது சான்றாகாது. வீட்டு ஓர்மை குறித்த குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதிலிருந்தே பிறக்கின்றன.

இழப்பது எதை?

அம்மாவையும் அப்பாவையும் பிரிந்திருப்பதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிதான் சரி. வீட்டில் இருக்கும்போது எழுவது, குளிப்பது, உண்பது, உறங்குவது அனைத்தும் யோசனை இன்றியே நடந்துவிடுகின்றன; பதினேழு ஆண்டுகளில் உடல் அவற்றைப் பழகிக்கொண்டிருக்கிறது. புதிய இடத்தில் குளியலறைக்கு எத்தனை மணிக்குப் போனால் வரிசை இருக்காது என்பதிலிருந்து, துவைத்த துணியை எங்கே காயப்போடுவது என்பது வரை ஒவ்வொன்றையும் யோசித்தே செய்ய வேண்டியுள்ளது. நாள் முழுக்க இப்படி யோசிப்பதால் வரும் களைப்பைப் பிள்ளை ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே சொல்லில் சொல்கிறது. குமரியிலிருந்து போகும் மாணவருக்கு இந்த இழப்பு சில குறிப்பான வடிவங்களில் வருகிறது.

1. உணவு. தடித்த சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, தேங்காயெண்ணெய்த் தாளிப்பு, மரச்சீனிக் கிழங்கு, புட்டும் பயறும் என்று பழகிய நாக்குக்கு, வெள்ளை அரிசியும் பருப்பு மிகுந்த சாம்பாரும் வேறு எண்ணெயின் வாசனையும் உணவாகவே படுவதில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து போகிறவர்களுக்கு மீன் இல்லாத வாரம் ஒரு வெறுமை. வாசனை மற்ற எதையும்விட விரைவாகப் பழைய நினைவைக் கிளர்த்தக் கூடியது என்பதால், விடுதி உணவைப் பற்றிய குறையில் பெரும்பகுதி ருசியைப் பற்றியதாக இருப்பதில்லை.

2. பேச்சு. குடிக்க ‘வெள்ளம்’ கேட்டால் அறைத்தோழர் விழிக்கிறார். ‘சாயா’ என்றால் மலையாளியா என்று கேட்கிறார். கேலி பெரும்பாலும் தீங்கற்றதுதான். ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் சொல்லைத் தேர்ந்து பேச வேண்டியிருந்தால், சில நாட்களில் பிள்ளை பேச்சையே குறைத்துக்கொள்ளும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்க்கு வகுப்பறை ஆங்கிலமும் சேர்ந்துகொள்வதால், காலை முதல் மாலை வரை இரண்டு புதிய மொழிகளுக்கு நடுவே நிற்பது போன்ற நிலை ஏற்படுகிறது.

3. தட்பவெப்பம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. குலசேகரத்துக்கு அருகே ரப்பர்த் தோட்டத்தின் நடுவே வளர்ந்தவருக்குத் திருச்சியின் ஆகஸ்டு வெயிலும், உப்புச் சுவையேறிய நிலத்தடி நீரும் பழக நாளாகும்.

4. நாள்காட்டி. இதைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. கோட்டார் சவேரியார் பேராலயத் திருவிழாவின் நிறைவு நாளான டிசம்பர் 3, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், சிவராத்திரிச் சிவாலய ஓட்டம், மண்டைக்காட்டு மாசிக்கொடை, மாசி 20-இல் அய்யா வைகுண்டர் அவதார தினம் ஆகியவற்றுக்குக் குமரியில் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. சென்னை, கோவை போன்ற தொலைவூர்களில் அவை சாதாரண வேலைநாட்கள். எந்தச் சமயத்தைச் சேர்ந்த வீட்டிலிருந்து போனவராக இருந்தாலும், ஊரே வீதியில் நிற்கும் நாளில் தாம் மட்டும் ஆய்வகத்தில் நிற்பதை அவர் அன்றுதான் உணர்கிறார். போதாக்குறைக்கு, சவேரியார் திருவிழாவும் மார்கழித் தேரும் பல கல்லூரிகளில் முதல் பருவத் தேர்வு நடக்கும் நாட்களை ஒட்டியே வருகின்றன. நன்றாகப் பழகிவிட்டதாகத் தோன்றிய பிள்ளை டிசம்பரில் திடீரென்று உடைந்து அழைப்பதற்குத் தேர்வுப் பயத்தோடு இதுவும் ஒரு காரணம். அந்த நாட்களை வீட்டில் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் மூன்றாவது வாரம்?

முதல் பத்து நாட்கள் புதுமையிலேயே கழிந்துவிடும். அறிமுக நிகழ்ச்சிகள், அடையாள அட்டை, புத்தகம் வாங்குவது, வழி தெரிந்துகொள்வது என்று மனத்துக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். அவை முடிந்து, வகுப்பும் விடுதியும் மட்டுமே மிஞ்சும்போது, இழப்பு தெரியத் தொடங்குகிறது. எல்லோருக்கும் அது மூன்றாவது வாரத்தில்தான் வரும் என்பதில்லை. ஆனால் முதல் சில வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பின் பைய இறங்குவதே பொதுவான போக்கு. ஒரு நாளுக்குள்ளும் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வகுப்பு நேரத்தில் மறைந்திருந்து, மாலை ஐந்து மணிக்கும் இரவு விளக்கணைத்த பின்னும் தலைதூக்கும்; ஞாயிற்றுக்கிழமைகளில் மிகும். வேலையற்ற நேரமே அதன் நேரம்.

இறங்கிய பிறகு மீண்டும் ஒருமுறை ஏறும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து திரும்பிய வாரம், பலருக்குச் சேர்ந்த வாரத்தைவிடக் கடினமானது. அதைக் கண்டு, இத்தனை நாள் பழகியதெல்லாம் வீணாயிற்று என்று எண்ண வேண்டியதில்லை; இரண்டாவது முறை அது விரைவில் தணிந்துவிடும்.

எவருக்கு இது கூடுதலாக இருக்கும் என்று கேட்டால், தொலைவைவிடத் தெரிவே முதன்மையான காரணம் என்பேன். கல்லூரியையும் பாடப்பிரிவையும் தானே விரும்பி எடுத்த பிள்ளை, 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் விரைவில் நிலைகொள்கிறது. மதிப்பெண்ணும் தரவரிசையும் மாமாவின் அறிவுரையும் சேர்ந்து எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டுப் போன பிள்ளை, அருகிலுள்ள திருநெல்வேலியில் இருந்தாலும் தவிக்கிறது.

பிரிவு தெரிந்த மாவட்டம்தான், எனினும்

தூத்தூர் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பவர்கள். வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இம்மாவட்டத்தில் ஏராளம். எனவே, "நான் இருபது வருஷம் வெளிநாட்டில் கிடந்தேன், உனக்கு மெட்ராஸில் இருக்க முடியாதா?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. அந்தத் தந்தையின் துன்பம் உண்மையானது. அவர் வலியோடுதான் இதைக் கேட்கிறார். ஆனால் இரு பிரிவுகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. உழைக்கப் போனவர் மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பினார். தம் பிரிவால் வீடு எழும்புவதை அவரால் காண முடிந்தது. மாணவர் மாதந்தோறும் வீட்டிலிருந்து பணம் பெறுகிறார். தன் பிரிவால் வீட்டுக்குச் சுமை மட்டுமே கூடுகிறது என்ற குற்றவுணர்வு அவருக்கு வலியோடு சேர்ந்து வருகிறது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் வீடுகளில் இது இன்னும் கடுமை. அந்தக் கேள்வியால் அழுகை நிற்கக்கூடும். அதன் பிறகு பிள்ளை தன் நிலையை வீட்டில் சொல்வதும் நின்றுவிடும்.

ஊருக்கு வருவதன் கணக்கு

அடிக்கடி வந்து போனால் சரியாகும் என்பது பரவலான நம்பிக்கை. அதை இரண்டு வகையில் சோதித்துப் பார்க்கலாம்.

1. வருகைப் பதிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தேர்வெழுத 75 விழுக்காடு வருகையைக் கேட்கின்றன. ஒரு பருவத்தில் 90 வேலைநாட்கள் என்று கொண்டால், 68 நாட்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும். 22 நாட்களே கையிருப்பு. இரு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளியையும் திங்களையும் விடுப்பாக எடுத்து ஊருக்கு வந்தால், 18 வாரங்களில் ஒன்பது பயணம், 18 நாட்கள் போய்விடும். மிச்சம் நான்கு நாட்கள். ஒரு காய்ச்சல் வந்தால் அதுவும் கரையும்.

2. பயணம். கன்னியாகுமரி விரைவு ரயில் போன்றவை மாலையில் சென்னையிலிருந்து புறப்பட்டு மறுநாள் காலையில் வந்து சேர்கின்றன. சனிக்கிழமை காலை வந்தவர் ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். வீட்டில் கிடைப்பது இரண்டு பகலும் ஓர் இரவும். அந்த இரண்டாம் பகலின் பாதி, கிளம்ப வேண்டுமே என்ற கலக்கத்திலேயே போகிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டிருப்பதால், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் பயணங்களுக்குப் புறப்படும் தேதியிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி, அன்று காலையிலேயே பதிவு செய்தாக வேண்டும்.

என் கருத்தில், முதல் பயணத்தை ஆறு வாரங்களுக்குப் பிறகு வைத்து, அதற்கான சீட்டைச் சேர்ந்த வாரத்திலேயே எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவது சிறந்தது. எப்போது போவோம் என்று தெரியாத பிரிவுக்கும், இன்ன தேதி என்று தெரிந்த பிரிவுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. இடைப்பட்ட வாரங்களில்தான் விடுதியில் புதிய வழக்கங்கள் வேர்பிடிக்கும். வாரந்தோறும் பிடுங்கி நட்ட நாற்று வேர்விடாது. அந்த வழக்கங்கள் பெரியனவாக இருக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எழுவது, மாலை ஐந்து மணிக்கு அறையில் இல்லாமல் விளையாட்டுத் திடலிலோ நூலகத்திலோ இருப்பது, ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒரு வேலை வைத்துக்கொள்வது, இரவுணவை எப்போதும் இன்னொருவருடன் உண்பது ஆகியவை போதும். ஊர்க்காரர்கள் சிலர் அதே விடுதியில் இருப்பது பெரிய ஆறுதல். அவர்களோடு மட்டுமே இருந்துவிட்டால், அது வேறொரு சுவராகிவிடும்.

மெஸ் கணக்கைப் பற்றி ஒரு குறிப்பு

பல விடுதிகளில் ‘டிவைடிங் சிஸ்டம்’ எனப்படும் பகிர்வு முறை உள்ளது. அந்த மாதத்தின் மொத்தச் சமையல் செலவை, மாணவர் அனைவரும் உண்ட மொத்த நாட்களால் வகுத்து, ஒரு நாளுக்கான தொகை கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, மாதச் செலவு 6 லட்சம் ரூபாய், உண்ட நாட்கள் மொத்தம் 6,000 என்றால் ஒரு நாளுக்கு 100 ரூபாய். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க வேண்டுமானால் விடுதி கேட்கும் விதத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் போனால் உண்ணாத உணவுக்கும் பணம் போகும். முதல் மாதக் கட்டணம் கண்டு வீட்டில் எழும் சச்சரவுகளில் பல, இதை அறியாததால் எழுபவை.

தொலைபேசி

பேசவே கூடாது என்பதும் தவறு. நாளைக்கு ஆறு முறை காணொளி அழைப்பில் அடுக்களையைக் காட்டுவதும் தவறு. அழைப்புக்கு ஒரு நேரம் குறித்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது. அது படுக்கப்போகும் நேரமாக இல்லாமல் இரவுணவுக்கு முன்பாக இருந்தால், பேசி முடித்த பின் பிள்ளை தனியே படுத்து அழுவதற்குப் பதிலாக உணவுக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கும். "சாப்பிட்டியா, மக்கா?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, "யாரோட சாப்பிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் வாரத்துக்கு வாரம் மாறுகிறதா என்பதே, பிள்ளை நிலைகொள்கிறதா என்பதைக் காட்டும் நல்ல அளவுகோல்.

வீட்டு ஓர்மை அல்லாதவை

பொறுத்திரு என்று சொல்வதற்கு முன், பொறுக்கக் கூடாதது எதுவும் நடக்கவில்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ‘எனக்கு இங்கே வேண்டாம்’ என்ற அதே சொற்களின் பின்னால் மூன்று வேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

1. பகடிவதை. மூத்த மாணவரின் மிரட்டல், அவமதிப்பு, ஏவல், சாதியையோ ஊரையோ மொழியையோ வைத்துத் துன்புறுத்துதல் ஆகியவை பழகிக்கொள்ள வேண்டியவை அல்ல. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி பகடிவதை இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கெனக் குழு அமைக்கக் கட்டளையிடுகின்றன. 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். "அழைத்தால் மட்டும் அழுகிறான், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறான்" என்ற நிலை இருந்தால், பெற்றோரில் ஒருவர் நேரில் போய்ப் பார்ப்பதே முறை.

2. மனச்சோர்வு. வீட்டு ஓர்மை உள்ளவர் வீட்டுக்கு வந்தால் தேறுகிறார். நல்ல நட்பு அமைந்தால் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்தும் எதிலும் நாட்டமின்றி, நாளின் பெரும்பகுதியும் ஏறத்தாழ எல்லா நாட்களிலும் இரண்டு வாரத்துக்கு மேலாகத் துயரில் இருப்பவருக்கு மருத்துவ உதவி தேவை. உயிரை விடுவது பற்றிய பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேட வேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐ இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

3. பாடம் பொருந்தாமை. ஊர் பழகிவிட்டது, நண்பர்கள் இருக்கிறார்கள், ஆனால் வகுப்பறை மட்டும் நாளுக்கு நாள் அந்நியமாகிறது என்றால், அது இடத்தின் சிக்கல் அல்ல. அதை மறுக்காமல் கேட்க வேண்டும்.

விலகுவது என்ற முடிவு

விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது, சேர்க்கையின் இறுதித் தேதிக்கு எத்தனை நாள் முன்பாக அல்லது பின்பாக எழுதிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிப்பு இதற்குப் படிப்படியான விகிதங்களை வகுத்ததோடு, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் கூறுகிறது. சான்றிதழைத் தர மறுத்தால் அந்த அறிவிப்பைச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேட்கலாம். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது: பணம் திரும்பக் கிடைக்கும் நாட்களும், ஓர்மை உச்சத்தில் இருக்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. மேலே சொன்ன மூன்றில் எதுவும் இல்லாத நிலையில், அந்தப் பணத்துக்காக அவசரப்பட்டு விலகுவதைவிட, முதல் பருவத் தேர்வை எழுதிவிட்டு விடுமுறையில் வீட்டில் அமைதியாக உட்கார்ந்து பேசுவதே நல்லது. பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பப் பதிவு அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில்தான் தொடங்குகிறது. எனவே பொங்கல் விடுமுறையில் பேசத் தொடங்கினாலும், முடிவெடுக்க இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் கையில் இருக்கும்.